தறிக்கூடத்தில் உபுண்டு

சங்கரன்கோவிலின் இந்தத் தறிக்கூடத்தில் பன்னிரண்டு விசைத்தறிகளும் ஒரே மூச்சாக அடித்துக்கொண்டிருக்கின்றன. கூரைக் கண்ணாடி வழியே விழும் உச்சிவெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. இந்த இரைச்சலில் சாதாரணப் பேச்சு எதுவும் காதில் விழாது. இங்கே வேலை செய்கிறவர்கள் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். இங்கேயே வளர்ந்த யோகலட்சுமி, நூல்பெட்டிமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இழை அறுந்ததும் தறியை நிறுத்த அவள் செய்த குட்டி ரோபோ, கேமராக் கண்ணோடு பக்கத்தில் காத்திருக்கிறது. அதன் மென்பொருள், விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் இன்னொரு இயங்குதளமான உபுண்டுவுக்காக எழுதப்பட்டது. விண்டோஸுக்குள் உபுண்டுவை ஒட்டுக்குடித்தனம் வைத்து ஓட்டியதில் ரோபோ ஒரு நொடி பிந்துகிறது. அதற்குள் துணி பாழாகிறது. இன்று உபுண்டுவை ஏற்றிய பென்டிரைவோடு வந்துவிட்டாள். 'எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபுண்டுவைப் போடவா?' என்று திரை கேட்கிறது. பஸ் ஸ்டாண்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அவள் அக்காள் கணவர் ராஜதுரை, காதருகே குனிந்து கத்துகிறார்.

"ஏட்டி, நான் போட்டுத் தந்த விண்டோஸ அழிச்சிராத! நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் உபுண்டுவச் சரிபார்க்கத் தெரியாது!"

அவள் எண்டரை அழுத்துகிறாள். திரை கறுத்து, பிறகு உபுண்டுவின் ஊதா நிறத்தில் விழிக்கிறது. நிமிர்ந்து அவரைப் பார்த்து, குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைக்கிறாள்.

"என்னட்டி சொல்லுத?" அவர் காதருகே கையைக் குவிக்கிறார்.

தறிக்குத் தறி சிரிப்பு பரவுகிறது. கடைசித் தறியில் நிற்கும் சுப்புத்தாய்தான் இரக்கப்பட்டு, தொண்டை கிழியக் கத்துகிறாள்.

"தெரியாதவங்க அவகிட்ட வந்து படிச்சுக்கிடலாம்னு சொல்லுதா, அண்ணாச்சி!"