முதல் ஊசி

றிஸ்வானின் உள்ளங்கை வேர்த்திருந்தது.

"இது முதல்தரமா?" என்று கேட்டாள் நுஸ்ஹா.

"ஓம்."

"பயப்படாதீங்க. கழுத்த மருந்து போட்டு விறைக்க வெச்சிட்டு, ஸ்கேன்ல நரம்பப் பாத்து ஊசி போடுற. கம்பி உள்ளுக்குப் போகக்குள்ள நெஞ்சு கொஞ்சம் படபடக்கும். பொறகு டயலிசிஸ் குழாய். அவ்வளவுதான்."

"ரத்தம் கூடப் போனா?"

"அமத்திப் பிடிச்சா நிண்டிரும். பிஸ்மி சொல்லுங்க."

சொன்னான். ஊசியைக் கையில் எடுத்தான்.

பச்சைத் துணிக்கடியில் நுஸ்ஹா தலையை இடப்பக்கம் திருப்பிக் கழுத்தைக் கொடுத்தாள். ஒலுவில் ஊர்த் தோணிக்காரர் ஒருவரின் மகள். பதினேழு வயது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி மூன்று வருடம்.

"இதெல்லாம் எப்பிடித் தங்கச்சி தெரியும்?"

"எனக்கு இது அஞ்சாந்தரம், டொக்டர். புதுசா வாறவங்க எல்லாரும் என்ர கழுத்திலதானே பழகுற. இனி இந்த ஒரு நரம்புதான் மிச்சம்."