முன் சீட்டில் ஒரு கறை

விற்பனைக்கு வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த மஞ்சள் காரைத்தான் பார்க்க வேண்டும் என்று மனைவி அடம்பிடித்து அழைத்து வந்திருந்தாள். கணவனுக்கோ ஆசை மலையளவு, பட்ஜெட் கையளவு.

உரிமையாளர் கார் கதவைத் திறந்ததுமே மகள் முன் சீட்டில் ஏறிக் குதிக்க ஆரம்பித்தாள்.

"ஏய், இறங்குடி! ஏன் சார், சீட்ல இவ்ளோ பெரிய கறை?" என்றான் கணவன்.

"பழசுங்க. என்ன தேய்ச்சும் போகல," என்றார் அவர் கூச்சத்துடன்.

"லெதர் சீட் மாத்த நான் சொத்தை எழுதி வைக்கணும். பாதி விலைக்குக் குடுங்க."

"கறையைச் சொல்லி ஒரு பைசா குறைக்கக் கூடாது," என்றாள் மனைவி.

"நீ யார் கட்சிடி?"

"அது என் ரத்தம்ங்க."

கணவன் விழித்தான்.

"நீங்க வெளியூர்ல இருந்தப்போ ஒருத்தர் என்னை ஆஸ்பத்திரியில சேர்த்தார்னு சொன்னேனே, இவர்தான். சீட் பாழாகும்னு டாக்ஸிக்காரனே ஏத்தாம போயிட்டான். இவர் பேர்கூடச் சொல்லாமப் போனார். விளம்பரத்துல காரைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

கணவன் அவர் கைகளைப் பற்றிக்கொண்டான்.

உரிமையாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இத்தனை வருஷமா மனசை அரிச்சுக்கிட்டே இருந்ததும்மா. அப்போ நீங்க மாசமா இருந்தீங்களே... அந்தக் குழந்தை?"

மனைவி காரைக் காட்டினாள்.

"அதே சீட்லதான் குதிச்சுக்கிட்டு இருக்கா, பாருங்க."