மூன்று தரம் வருவாயோ

பாடகி கோமளாதேவியை நேரில் காண வேண்டும் என்பது லாபிருக்கு எத்தனையோ வருட ஆசை. அவர் கச்சேரிக்காகத் திருகோணமலைக்கு வந்த அன்று, துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு முன்வரிசையில் கதிரை பிடித்துவிட்டான். பக்கத்தில், எல்லாரும் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் தேத்தண்ணிக் கடை முத்தலிப். வானொலியில் ஒருநாளும் போடாத கோமளாதேவியின் பாட்டொன்றைத் துறைமுகமே அவர் கடை இசைத்தட்டில் கேட்டுத்தான் மனப்பாடம் செய்திருந்தது.

அந்தப் பாட்டைத் தொடங்கியதும் விசில் பறந்தது. "அலைமேலே வருவாயோ..." என்று பாடி, கோமளாதேவி அடுத்த அடிக்குப் போனார்.

லாபிர் துள்ளி எழும்பினான். "அம்மா, விட்டுட்டீங்க! வருவாயோ மூணு தரம் வரணும்!"

"ஓம், ஓம், மூணு தரம்!" கூட்டமும் கத்தியது.

வாத்தியக்காரர்கள் ஆளையாள் பார்த்தார்கள். கோமளாதேவி பாட்டை நிறுத்தினார். "நான் அப்படிப் பாடினதே இல்லையே?"

"நாள் முழுக்கக் கேக்கிற பாட்டம்மா, எங்களுக்குத் தெரியாதா?" என்று லாபிர் தானே பாடிக் காட்டினான்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வருவாயோ... வருவாயோ... வருவாயோ..." என்று பாடினார். கைதட்டலில் கொட்டகையே அதிர்ந்தது.

"பாத்தீங்களா காக்கா, அவவுக்கே மறந்து போச்சு!" என்றான் லாபிர் பெருமையாக.

முத்தலிப் கதிரையில் இன்னும் கீழே சரிந்து உட்கார்ந்தார். அவருடைய இசைத்தட்டில் சரியாக அந்த இடத்தில் ஒரு கீறல். ஊசி அதில் சிக்கியதும், கையிலிருக்கும் கேத்தலை வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் தட்டிவிடுவதற்குள் மூன்று 'வருவாயோ' போய்விடும்.