மீதி ஒன்று

அண்ணன் டீ போட உள்ளே போன சமயம் பார்த்து, தம்பி அலமாரியைச் சத்தமில்லாமல் திறந்தான். காது சமையலறைப் பக்கமே இருந்தது. அடுக்கியிருந்த முப்பத்து மூன்று நோட்டுகளில் அவனுக்கு வேண்டியது இரண்டாவது மட்டும்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அண்ணி இறந்துபோன புதிதில், அண்ணன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் செய்வார். தம்பி கல்லூரியில் கணக்கு வாத்தியார். வகுப்பு நேரம் என்றாலும் விடமாட்டார். "சாப்பிட்டியா?" என்பார். அப்புறம் பேச ஒன்றும் இருக்காது, வைக்கவும் மாட்டார்.

தொல்லை தாங்காமல் ஒருநாள், வாய்க்கு வந்த பதினோரு இலக்கத்தைச் சொல்லிவைத்தான்: 11003386159.

"அண்ணே, இது பகா எண்ணான்னு கையால வகுத்துப் பார்த்துச் சொல்லுங்க. எங்க காலேஜுக்குத் தேவைப்படுது. ஒரு லட்சத்துச் சொச்சம் வரைக்கும் இருக்கற பகா எண்ணால வகுத்தாப் போதும். ஒண்ணாலகூட மீதியில்லாம வகுபடலன்னா, இதுவும் பகா எண்தான்."

மொத்தம் பத்தாயிரம் வகுத்தல். போன் அன்றோடு ஓய்ந்தது. பதிலுக்கு, ஞாயிறுதோறும் நேரில் வந்து நோட்டைப் புரட்டித் தலையாட்ட வேண்டியதாயிற்று.

இன்றைக்கு வாசலிலேயே அண்ணன், "இன்னும் நாப்பதுதான்டா பாக்கி. அடுத்த எண்ணை இதைவிடப் பெருசாக் குடு" என்றார். தம்பி காலையில்தான் முதல்முறையாக அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருந்தான். 4001-ஆல் மீதியில்லாமல் வகுபடும் என்று அது கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிட்டது.

அப்படியென்றால் அண்ணன் இரண்டாவது மாதமே கோட்டை விட்டுவிட்டார். அரை அடி பிசகினாலும் நிலத்தை மறுபடி அளந்த சர்வேயர்!

பக்கம் அகப்பட்டது. கணக்கு முழுக்கப் பென்சிலில் இருந்தது. மீதி மட்டும் பேனாவில், 1 என்று. பாவம், கண் ஏமாற்றியிருக்கும். அந்த ஒன்றை நம்பி மனுஷர் மூன்று வருஷம் உழைத்திருக்கிறாரே என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

அண்ணன் இரண்டு டம்ளரோடு வந்து நின்றார். நோட்டை மறைக்க அவனுக்குத் தோன்றவில்லை.

"மன்னிச்சிருங்கண்ணே. காலேஜுக்கு இது தேவையே இல்ல. உங்க போன் தொல்லை தாங்காமத்தான் சொன்னேன். கம்ப்யூட்டருக்கு அரை நொடி வேலை. அதுவும் இது பகா எண்ணே இல்ல, இந்த இடத்துல தப்புப் பண்ணிட்டீங்க."

"தப்பெல்லாம் பண்ணலடா." அண்ணன் ஒரு டம்ளரை அவன் கையில் கொடுத்தார். "அன்னிக்கே மீதி சைபர்தான் வந்துச்சு. நான்தான் அழிச்சிட்டு ஒண்ணு போட்டேன்."

"ஏண்ணே?"

"வகுபட்டிருச்சுன்னு சொல்லியிருந்தா, அடுத்த ஞாயித்துக்கிழமை நீ வந்திருப்பியா?"