மல்லிகைச் சேதம்: ஒரு பக்கச் சுருக்கம்

2024ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, வெண்மொட்டு மலர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர்கள், தொண்ணூற்றாறு பக்க அறிக்கை ஒன்றைப் படிக்காமல் ஏற்றுக்கொள்வதற்காகத் திண்டுக்கல் அலுவலகத்தில் கூடினர்.

படிக்காமல் ஏற்பது அத்தனை எளிதன்று. அதற்கு ஒரு பக்கச் சுருக்கம் தேவைப்படுகிறது. அதை எழுதியவள் நான்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியையான எனக்கு இந்நிறுவனம் அளித்திருக்கும் பணி அதுவே: நிர்வாகம் சொல்வதைப் பிழையின்றிச் சொல்லுதல்.

அறிக்கையின் பொருள், சென்ற மாதம் ஒரு முகூர்த்த நாளில் நேர்ந்த மல்லிகைச் சேதம். விடியலில் பறித்த மொட்டு, வெயில் ஏறுமுன் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். அன்று நிறுவனத்தின் வண்டி பூ ஏற்றச் சித்தையன்கோட்டைக்கு மாலையில்தான் வந்தது. வண்டிக்காகக் காத்திருந்த பூ, காத்திருந்த இடத்திலேயே கூடை கூடையாக விரிந்துவிட்டது. மணமேடைக்குப் போக வேண்டியது குப்பைமேட்டுக்குப் போயிற்று.

காரணத்தைக் கண்டறிய நிர்வாகி முகேஷ்குமார் பெரிதும் உழைத்தார். அவர் மேலாண்மை படித்தவர். தலைவர் பொன்னழகுவின் மருமகனாகவும் இருப்பது தற்செயல்.

அறிக்கையில் வண்ண வரைபடங்கள் உண்டு. காலநிலை மாற்றம் பற்றித் தனி இயலே உண்டு. பக்கந்தோறும் அம்புக்குறிகள் உண்டு. அத்தனை அம்புகளும் கடைசிப் பக்கத்தில், ஓட்டுநர் சூசைமுத்துவின் மேல் போய்த் தைத்தன.

பரிந்துரை: பணிநீக்கம்.

நான் சுருக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது சூசைமுத்து வந்து நின்றார். "அன்னிக்கு வண்டிச் சாவி எங்கிட்ட இல்லவே இல்ல டீச்சர். முந்தின நாளே மாப்ள சார் வாங்கிட்டுப் போய்ட்டாரு. இத ஒரு வரி எழுதிப்புடுங்க."

முகேஷ்குமாரிடம் முறைப்படி கேட்டேன்.

"அதெல்லாம் வேணாம் ரூபி டீச்சர். டிரைவர் லேட்டு. அம்புட்டுத்தான் சம்மரி."

அறிக்கையில் இல்லாததைச் சுருக்கத்தில் சேர்ப்பது ஒழுங்கன்று. சேர்க்கவில்லை. 'ஓட்டுநரின் தாமதமே சேதத்திற்குக் காரணம்' என்று நான்கு சொற்களில் எழுதி முடித்தேன். சூசைமுத்து அன்று முதல் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அறிக்கையை அச்சுக்குக் கொடுப்பதும் என் வேலை என்பதால், அதன் மெய்ப்பை முகப்பு அட்டையோடு முகேஷ்குமாரின் கைப்பேசிக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

கூட்டத்தன்று சூசைமுத்து, ஒப்படைக்க வேண்டிய சாவியைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றார். இயக்குநர்கள் சுருக்கத்தை வாங்கினர். சிலர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, அங்கே எதுவும் இல்லாததால் மனநிறைவு அடைந்தனர். பிறகு அனைவரும் தலையசைத்தனர்.

இயக்குநர்களுள் ஒருவரான ஜக்கம்மாள் மட்டும் அசைக்கவில்லை. விரிந்துபோன மல்லிகையில் பெரும்பங்கு அவர் தோட்டத்தது. மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்து வந்திருந்ததால் எழுத்தைக் கைவிட்டு, அறிக்கையின் அட்டையைக் கையெட்டும் தொலைவில் நீட்டிப் பிடித்து, படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா மாப்ள, இது நம்ம பூ வண்டிதான? பூக்கூட ஏத்துற எடத்துல கெடால்ல நிக்குது?"

கிடாதான் நின்றது. கழுத்தில் மாலையும் நெற்றியில் பொட்டுமாக, தாய்மாமன் சீர்த்தட்டுகளுக்கு நடுவே, நிறுவனத்தின் பெயருக்கு நேர்மேலே, ஓர் இயக்குநருக்குரிய பெருமிதத்துடன் நின்றது.

வண்டிக்குப் பின்னால் ஒரு ஃபிளெக்ஸ். முகேஷ்குமாரின் மகளுக்குக் காதணி விழா. கறுப்புக் கண்ணாடி அணிந்த முகேஷ்குமார் அதில் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். ஃபிளெக்ஸ் அடிப்பவர்களின் வழக்கப்படி, தேதி எல்லோர் தலையையும் விடப் பெரிதாக இருந்தது.

சேதம் நேர்ந்த அதே முகூர்த்த நாள்.

விழாவில் பிரியாணி உண்டிருந்த இயக்குநர்கள் சன்னலுக்கு வெளியே எதையோ தேடினர்.

"ஏலே, நான் பூவ வச்சுக்கிட்டு ரோட்டப் பாத்து உக்காந்திருக்கேன், நீ கெடாவ வண்டியில ஊர்கோலம் விட்டியா? காது குத்துனது ஒம் மகளுக்கா, எங்களுக்கா?"

முகேஷ்குமார் காலநிலை மாற்றம் என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

இந்தப் படத்தைக் கொடுத்தவர் யார் என்று தலைவர் பொன்னழகு என்னைக் கேட்டார். நிர்வாகி அனுப்பியது என்றேன். கைப்பேசியையும் காட்டினேன். மருமகனை அவர் பார்த்த பார்வையைக் கூட்டக் குறிப்பில் எழுத இயலாது.

முகேஷ்குமார் எனக்கு அனுப்பியவை நாற்பது படங்கள். பெரும்பாலானவை மலைக்கோட்டையும் சூரிய உதயமும். 'ஏதாவது ஒண்ணு போட்டுக்கோங்க டீச்சர்' என்பது உடன் வந்த செய்தி. தலைவர் அதைக் கேட்கவில்லை. கேளாததைச் சொல்வது சுருக்கம் ஆகாது.

இறுதியில் முடிவானது இது. அச்சிட்டாகிவிட்டதால் அறிக்கை ஒருமனதாக ஏற்கப்பட்டது. பரிந்துரை மட்டும் நீக்கப்பட்டது. சூசைமுத்து பணியில் நீடிப்பார். வண்டிச் சாவி அவரிடமே இருக்கும். விரிந்த பூவுக்குரிய இழப்பை முகேஷ்குமார் ஏற்பார். அவர் கவனக்குறைவு உடையவர் என்பது தெளிவானதால், அட்டைக்குப் படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இனி என்னுடையது.