முதல் சிலுவை

மகள் ஜெசிந்தாவின் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பிலோமினா மணியடித்துவிட்டுக் காத்திருப்பாள். தூத்துக்குடியின் புதுக் குடியிருப்புகளில் கதவுகள் ரத்த உறவின் மூச்சை அறிந்து தாமே திறப்பவை. ஜெசிந்தாவோ அவள் எடுத்து வளர்த்த பிள்ளை.

இன்று மணியைத் தேடி வடிவு கை நீட்டும் முன்பே அந்தக் கதவு திறந்துகொண்டது. ஜெசிந்தாவைப் பெற்றவள் அவள்; முதன்முறையாக வந்திருந்தாள். வாசலிலேயே தயங்கி நின்றாள்.

“கதவே தொறந்துட்டுது. பெறகென்ன யோசன, உள்ள வாங்க,” என்றாள் கூட வந்திருந்த பிலோமினா.

ஜெசிந்தா ஓடிவந்து வடிவைக் கட்டிக்கொண்டாள். “உங்களப் பாக்கணும்னு தெனமும் ஜெபிச்சேன். சின்ன வயசுலயே அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க.”

சொல்லிக்கொடுத்தது உண்மைதான். ஆண்டவர் இவ்வளவு கவனமாகக் கேட்பார் என்று பிலோமினா அன்று நினைக்கவில்லை.

மாலை ஜெபம் முடிந்ததும் பெரியவர்களிடம் நெற்றியில் சிலுவை வாங்குவது அந்த வீட்டு வழக்கம். எப்போதும் பிலோமினாவிடம் வரும் மகள் இன்று நேரே வடிவின் முன்னால் முழந்தாளிட்டாள். “ஸ்தோத்திரம்மா.”

வடிவு விழித்தாள். “எனக்குத் திருநீறு பூசத்தான் தெரியும். இது எப்படிக்கா?”

“அதுக்கென்ன, நான் காட்டுதேன்.” பிலோமினா அவளுடைய கட்டைவிரலைப் பிடித்து, ஜெசிந்தாவின் நெற்றியில் மெதுவாகச் சிலுவை வரைந்தாள்.

“உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுக்கா!” வடிவின் கண்கள் கலங்கின.

அந்த முதல் சிலுவையை முழுதாக விட்டுக்கொடுக்க பிலோமினாவுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.