மூத்த மாமன் சேலை

"வண்டியில இடமில்லைல. நீ பஸ்ஸுல வந்துரு."

தளவாய் தன் கூடப்பிறந்த தம்பி பூதத்தானிடம் இப்படிச் சொல்லிவிட்டு மட்டடோர் வேனைக் கிளப்பியபோது, வண்டிக்குள் ஆறு பேர் காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தது.

தளவாயின் பெண்டாட்டி சண்முகவடிவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அண்ணன் வண்டி இருக்கிறதே என்று நம்பி, பெண்டாட்டி பிள்ளைகளோடு மான்குர்திலிருந்து விடியும்முன்னே தாராவிக்கு வந்து நிற்கிறான் கொழுந்தன்.

"சொந்தத் தம்பியை இப்படியா விட்டுட்டு வருவாவ?" என்றாள், வண்டி சயான் தாண்டியதும்.

"சீர்த்தட்டு நசுங்கிரும்" என்றான் தளவாய்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே தங்கை, ஆறுமுகத்தாய். அவள் புருஷனுக்குக் காம்ஷேத் பக்கம் ஒரு கிராமத்தில் கல் குவாரி வேலை. குடும்பமும் அங்கேதான். இன்று அவள் மகளுக்குச் சடங்கு.

பதினோரு மணிக்குள் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றி, தாய்மாமன் சேலையைக் கட்டி உட்காரவைக்க வேண்டும். இரண்டு மாமன் இருந்தால் மூத்தவன் சேலைதான் முதலில். அந்த ஒரு பெருமைக்காகவே வடிவு மாட்டுங்காவில் கடை கடையாக ஏறி இறங்கி அரக்குப் பட்டு எடுத்து வைத்திருந்தாள்.

பன்வேல் போயிற்று, கோப்போலி போயிற்று. கண்டாலா மலை ஏற்றத்தில், பாதியில், தளவாய் வண்டியை ஓரங்கட்டினான்.

"எஞ்சின் சூடாயிட்டு. ஆறட்டும்."

ஆறட்டும் என்றவன் சாலையோரச் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடாபாவ் தின்றான், சாயா குடித்தான், கடைக்காரனிடம் மராத்தியில் மழை பற்றி விசாரித்தான்.

"மணி ஒன்பதரை" என்றாள் வடிவு.

"இருக்கட்டும்."

"எல்லா வண்டிக்காரனும் தண்ணி ஊத்திட்டு அஞ்சு நிமிஷத்துல போறான்."

"வண்டி ஓட்டுறது நானா, நீயா?"

அப்போது சிவப்பு அரசு பஸ் ஒன்று மூச்சு வாங்கியபடி ஏறி வந்தது. ஜன்னலில் பூதத்தானின் சின்ன மகள் கையை ஆட்டினாள். தளவாயும் ஆட்டினான். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

வடிவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பியைத் தெருவுல விட்டுட்டு வந்தீயல்லா, அந்தப் பாவம்தான் வண்டியை நிறுத்திருக்கு."

அவன் இன்னொரு சாயா சொன்னான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது.

பெண் மணையில் உட்கார்ந்திருந்தாள், பூதத்தான் கொண்டுவந்த மஞ்சள் நூல் சேலையில். பூதத்தான் கழுத்தில் மாலை, மார்பில் சந்தனம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பெரிதாகச் சீர் செய்ய வசதியில்லாமல் மூலை பார்த்து நிற்கிற அவன் பெண்டாட்டி, இன்று நடு வீட்டில் நின்று குலவை போட்டுக்கொண்டிருந்தாள். குவாரிப் பெண்கள் சேலை முந்தானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "மாமன் சேலை பிள்ளைக்கு எடுப்பா இருக்கு" என்றார்கள்.

அரக்குப் பட்டு பத்தோடு பதினொன்றாகத் தட்டிலேயே கிடந்தது. தளவாயோ ஒன்றும் நடக்காததுபோல வாசலில் நின்று குவாரி ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தான்.

வடிவு ஆறுமுகத்தாயை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"நேரம் தப்பிரும்னா தண்ணியை ஊத்தியிருக்கலாம். சேலைக்கு என்ன அவசரம்? மூத்த மாமன் வார வரைக்கும் பொறுக்கக் கூடாதா? நடுவழியில வண்டி சூடாகி நிக்கும்னு நாங்க கண்டமா?"

ஆறுமுகத்தாய் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தாள்.

"என்ன மதினி இப்படிக் கேக்கிய? ஏத்தத்துல வண்டி சூடாகி நின்னுரும், நாங்க வர நேரமாயிரும், காத்திருக்காம தம்பி சேலையைக் கட்டிருன்னு அண்ணன் போன வாரமே கடுதாசி போட்டிருந்தாவளே."